பல்லுக்கு மேலே ஒரு புள்ளி

ஒரே ஒரு புள்ளி. அது இல்லாமல் போனதால் பல் மருத்துவர் வினோதினி படாத பாடு பட்டார்.

சிதம்பரம் கீழ வீதியில் இலக்கியாவின் அம்மா சத்யப்பிரியா சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. மருத்துவரின் நோட்டீஸில் ‘இங்கே பல் மருத்துவம் பார்க்கப்படும்’ என்று இருக்க வேண்டும். அம்மா ஒரு புள்ளியை விட்டுவிட்டாள். ‘இங்கே பல மருத்துவம் பார்க்கப்படும்’ என்று ஆயிரம் நோட்டீஸ் ஊரெல்லாம் போய்விட்டது.

மறுநாளே ஒருவர் முழங்கால் வலியோடு வந்தார். ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் ஆட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆட்டுக்குப் பல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மருத்துவர் நல்லவர். இன்னொரு முறை அடித்துத் தரச் சொன்னார். இதிலும் தப்பு வந்தால் வேறு கடைக்குத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா புது நோட்டீஸை அடித்து மூன்று முறை படித்தாள். ஆனாலும் அச்சுக்கு அனுப்பக் கை வரவில்லை. “என் கண்ணு மங்கிப்போச்சு. இனிமே இந்த வேலை எனக்கு சரிப்படாது. கடைய மூடிடப் போறேன்” என்றாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று கண் மருத்துவர் சொன்னதையும் அவள் நம்பவில்லை.

ஆறாம் வகுப்புப் படிக்கும் இலக்கியாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய சந்தேகம் அம்மாவின் கண் மேல் இல்லை, பழைய மானிட்டர் மேல். முழுப் பக்கமும் தெரிகிற மாதிரி வைத்தால் எழுத்துகள் பொடிப்பொடியாகிப் புள்ளிகள் கரைந்துபோவதை அவளும் பார்த்திருக்கிறாள். புது மானிட்டர் வாங்கலாம் என்று அம்மாவை நச்சரித்து ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தாள்.

சனிக்கிழமை, நோட்டீஸைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார்கள். கிள்ளையில் மீன் வலை விற்கும் தங்கராசு மாமாவும் துணைக்கு வந்தார். எதை வாங்கினாலும் பெரிதாக வாங்க வேண்டும் என்பது மாமாவின் கொள்கை. அப்படி அவர் வாங்கிய பீரோ ஒன்று, அறை வாசலில் நுழையாமல் இன்னும் கூடத்திலேயே நிற்கிறது.

கடலூர்க் கடையில் இரண்டு மானிட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று முப்பத்திரண்டு இன்ச், மற்றது இருபத்தேழு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். மாமா யோசிக்கவே இல்லை. பெரியதைத் தட்டிக்கொடுத்து, “இதையே கட்டச் சொல்லு பிரியா” என்றார்.

இலக்கியா இரண்டின் கீழேயும் இருந்த அட்டையைப் படித்தாள். பெரியதில் ‘டாட் பிட்ச் 0.36 மி.மீ.’ என்றும், சின்னதில் ‘0.23 மி.மீ.’ என்றும் இருந்தது. அது என்னவென்று கடைக்கார அண்ணன் செம்பியனிடம் கேட்டாள். அவர் வேலையில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

“நம்பர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதான் பாப்பா” என்றார்.

மாமாவுக்கு ஏகக் குஷி. இலக்கியா மட்டும் நகரவில்லை. மி.மீ. என்றால் மில்லிமீட்டர், ஸ்கேலில் இருக்கும் பொடிக் கோடு. அப்படியென்றால் இது மார்க் இல்லை, ஏதோ ஒரு நீளம். எதிலிருந்து எது வரைக்கும் உள்ள நீளம் என்று விடாமல் கேட்டாள். செம்பியன் தலையைச் சொறிந்துகொண்டு அட்டைப்பெட்டியில் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிப் புள்ளிகள்தானாம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம்தான் அந்த நம்பராம்.

இலக்கியாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அதை மாமாவுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“மாமா, சென்னாக்குனி புடிக்கணும்னு ஒருத்தர் வந்தா எந்த வலை குடுப்பீங்க?”

“அது பொடி இறாலாச்சே. கண்ணு சின்னதா இருக்குற வலைதான்.”

“கண்ணு பெருசா, ரொம்ப அகலமான வலையா குடுத்தா?”

“எவ்ளோ அகலமா இருந்து என்ன புண்ணியம்? எல்லாம் ஓட்ட வழியா போயிடும்.” சொல்லிவிட்டு மாமா பெரிய மானிட்டரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். தட்டிக்கொடுத்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

“நம்ம எழுத்துப் புள்ளியும் சென்னாக்குனி மாதிரிதான் மாமா” என்றாள் இலக்கியா.

அம்மாவின் முகத்தில் இன்னும் கவலை போகவில்லை. மானிட்டர் நன்றாக இருந்தாலும் கண் சரியாக இருக்க வேண்டுமே என்றாள். இலக்கியா அவளைத் திரும்பி நிற்கச் சொன்னாள். பென் டிரைவில் இருந்த நோட்டீஸைத் திறந்து, ‘ஈறு வீக்கம்’ என்பதில் கடைசிப் புள்ளியை மட்டும் அழித்தாள். முழுப் பக்கமாக வைத்து முதலில் பெரிய மானிட்டரில் காட்டினாள். அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. உதட்டைப் பிதுக்கினாள்.

பிறகு சின்னதில் காட்டினாள். அம்மா ஒரு தடவைதான் படித்தாள்.

“ஏழாவது வரியில ‘வீக்கம’னு இருக்கு. புள்ளி இல்ல” என்றாள். இலக்கியா கைதட்டப் போனாள். அம்மா இன்னும் நிறுத்தவில்லை. “கடைசி வரியிலயும் ஒண்ணு இல்ல. ‘சிதமபரம்’னு இருக்கு. ரெண்டு எடுத்தியா?”

இலக்கியா குனிந்து பார்த்தாள். ஆமாம், ‘சிதமபரம்’. சொந்த ஊரின் பெயரிலேயே ஒரு புள்ளியைக் காணோம்.

“அம்மா, நான் ஒண்ணுதான் எடுத்தேன்.”

அம்மாவும் குனிந்து அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். மூன்று முறை படித்தும் பழைய மானிட்டரில் தெரியாமல் போன, அவளுடைய சொந்தத் தப்பு அது. அச்சுக்குப் போகாமல் தப்பித்துவிட்டது.

“அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றாள் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தி, “தம்பி, இந்தச் சின்னதையே கட்டிக் குடுங்க” என்றாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வழியில் இருந்த கடைப் பலகை ஒவ்வொன்றையும் புள்ளி சரியாக இருக்கிறதா என்று சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். சிதம்பரம் வருவதற்குள் பதினோரு தப்பு கண்டுபிடித்துவிட்டாள்.