பின்னால் நிற்கிறவர்

மச்சினன் சாவியைக் கையில் வைத்து அழுத்தியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"ரெண்டு மாடி ஏறணும் மாமா. நெட் இருக்கு, ஃபேன் ஓடும், ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. உங்க படிப்புக்கு இதைவிட என்ன வேணும்?"

வண்டியை விட்டு இறங்காமலேயே போய்விட்டான்.

மாமாவுக்கு வயது நாற்பத்தேழு. டயர் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். தொழிற்சாலையைத் திடீரென்று இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார். கூடப் படித்ததெல்லாம் மகள் வயதுப் பிள்ளைகள். முதல் நாளே அவருக்குச் 'சித்தப்பா' என்று பெயர் வைத்தார்கள். "சித்தப்பாவுக்கே புரிஞ்சிருச்சா? அப்ப அடுத்த பாடத்துக்குப் போகலாம்" என்பார் வாத்தியார். வகுப்பே சிரிக்கும். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார். படிப்பு முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வேலைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா மட்டும் மிச்சம்.

வீடு ஒற்றை அறை. வீடியோவில் இன்டர்வியூ என்றால் மனைவியும் மகளும் வெளியே படியில் போய் உட்கார வேண்டும். அதற்காகத்தான் இந்த மாடி அறை.

கதவைத் திறந்ததும் சூடேறிய பிளாஸ்டிக் வாடை அடித்தது. பழைய கம்ப்யூட்டர் நாள்கணக்கில் அணைக்காமல் ஓடினால் வருமே, அந்த வாடை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, இனிப்பாக, குமட்டுகிற மாதிரி. ஜன்னலைத் திறந்து வைத்தார். அது போகவில்லை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஈரம் பூத்த சுவர். வெளியே நல்ல பகல். உள்ளே மட்டும் சாயங்காலம் போல ஒரு மங்கல்.

முதல் இன்டர்வியூ நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் எதிர்முனையில் இருந்த பெண் நிறுத்தினார்.

"சார், பின்னால நிக்கிறவரை வெளியே போகச் சொல்லுங்க."

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"யாரும் இல்லையே மேடம்."

"பதில் சொல்லித் தர்றாரே, எனக்குக் கேக்குது. இந்த வயசுல இப்படிச் செய்யலாமா சார்?"

திரை அணைந்தது.

அடுத்த இன்டர்வியூவுக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாது. கேள்வி கேட்க வந்தவர் கொஞ்ச நேரம் திரையையே உற்றுப் பார்த்தார்.

"உங்க தோள்ல கை வச்சிருக்கிறது யாரு சார்?"

சித்தப்பா தோளைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

சட்டைக்கு மேலே அந்த இடம் மட்டும் ஜில்லிட்டிருந்தது.

நேரே மச்சினன் கடைக்குப் போய் நின்றார். முதலில் மழுப்பினான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்.

"உங்களை மாதிரிதான் மாமா ஒருத்தர். வேலை போய், வயசான காலத்துல கம்ப்யூட்டர் படிச்சுக்கிட்டு அங்க வாடகைக்கு இருந்தாரு. இன்டர்வியூன்னு உக்காந்தவரு, அப்படியே போயிட்டாரு. நாத்தம் வந்த பிறகுதான் கதவை உடைச்சோம். லேப்டாப் அப்பவும் ஓடுது. 'காத்திருங்கள், உள்ளே அழைப்பார்கள்'னு திரையில எழுத்து. அவரை வரச் சொன்னவங்க மறந்தே போயிட்டாங்க போல."

"இதை முன்னாடியே ஏன்டா சொல்லலை?"

"சொன்னா போயிருப்பீங்களா? அக்கா என்னைத்தானே தினம் நச்சரிக்குது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"பதில் சொல்லித் தருதுன்னுதானே சொன்னீங்க? சரியான பதிலா?"

"என்னடி கேக்கிற?"

"பேயோ பிசாசோ, சொல்றதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே? இத்தனை நாளா உங்க சொந்த மூளையை வச்சு என்னத்தைக் கிழிச்சீங்க?"

மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவளும் அதையேதான் நினைக்கிறாள் என்பது அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது.

மறுநாள் முற்பகலில் சித்தப்பா மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை கேமரா அவர் முகத்தை மட்டும் பிடிக்கும்படி நெருங்கி உட்கார்ந்தார்.

"டேட்டாபேஸ்ல ஒரே பதிவை ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாத்த வந்தா என்ன நடக்கும்?" என்று கேட்டார் எதிர்முனையில் இருந்தவர்.

படித்ததுதான். வாயில் வரவில்லை.

காதோரம் ஒரு மூச்சு.

"முதல்ல பூட்டினவனுக்குத்தான்."

சித்தப்பா அப்படியே திருப்பிச் சொன்னார்.

"அப்ப ரெண்டாவது ஆள்?"

"காத்திருக்கணும்," என்றது காதோரம். "காத்திருக்கணும்," என்றார் சித்தப்பா.

"ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்காம நின்னுட்டாங்கன்னா?"

அந்த இனிப்பு வாடை முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"ஒருத்தரைக் கொன்னுடணும்."

இதைச் சித்தப்பா சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடியிருந்தார். ஆனால் அறையில் கேட்டது அவருடைய குரல்.

"கரெக்ட்! ஒரு ப்ரோகிராமைக் கொன்னாத்தான் இன்னொண்ணு ஓடும்." எதிர்முனையில் இருந்தவர் சந்தோஷமாகச் சிரித்தார். "அடுத்த வாரமே சேர்ந்துடுங்க சார்."

வீட்டில் இருந்தே பார்க்கும் வேலை. வீடு என்றால் அந்த மாடி அறை. சித்தப்பா காலையில் போவார், இருட்டுவதற்குள் வருவார். பேச்சு குறைந்துபோனது. பிறகு அறவே நின்றுபோனது. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். "வேலை டென்ஷன்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். மகளைப் பெரிய காலேஜில் சேர்த்தார்கள். இரண்டு அறை உள்ள வீட்டுக்குக் குடிபோனார்கள்.

ஒரு நாள் அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். மனைவி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு முதல் தடவையாக அந்த மாடி ஏறினாள்.

படியிலேயே அவர் குரல் கேட்டது. கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். நடுநடுவே சிரிப்பு. எவ்வளவு நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு! அவளுக்கும் சிரிப்பு வந்தது. கதவை மெல்லத் தள்ளினாள்.

நாற்காலி காலி.

லேப்டாப் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு கட்டத்தில் அவர் முகம். ஷேவ் செய்து, தலை வாரி, பளிச்சென்று பேசிக்கொண்டிருந்தது.

அவர் அறை மூலையில் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத் தாடி. வாய் இறுகி மூடியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவளைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடு என்கிற மாதிரி.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மகள் படிப்பு முடிய இன்னும் எத்தனை வருஷம் என்று மனசு தானாகவே எண்ணிப் பார்த்தது.

டிபன் கேரியரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள்.

கதவை மெதுவாகச் சாத்தினாள். மீட்டிங்குக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது.

பாதிப் படி இறங்கியிருப்பாள். மேலே பேச்சு நின்றது.

"ஒரு நிமிஷம் சார்," என்றது அவர் குரல், கதவுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து. "என் வீட்டுக்காரி வந்திருக்கா."

சாத்திய கதவு உள்ளேயிருந்து திறந்தது.