பக்கச் சாய்வு

சக்கர நாற்காலி தப்பான பக்கம் உருண்டது.

அரை அடிதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் சக்கர நாற்காலிப் பாதைகளைச் சோதித்துச் சான்று கொடுப்பதே அவன் பிழைப்பு. இருபது அடிக்கு ஒருமுறை நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு மூன்று எண்ணுவான். நாற்காலி எந்தப் பக்கம் நகர்கிறதோ, பாதை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வழக்கமாக அதில் அறுபது கிலோ மணல் மூட்டை இருக்கும். இன்று தங்கை இருந்தாள். பத்து வயதிலிருந்து நாற்காலிதான் அவளுக்குக் கால். "மூட்டை வாயைத் திறந்து ஏதாவது சொல்லுமா? நான் சொல்வேன்ல" என்று அடம்பிடித்து வந்திருந்தாள்.

"நீ சக்கரத்தைத் தொட்டியா?"

"நான் ஏன் தொடறேன்? நல்ல மூட்டையா கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன்."

குனிந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தான். மேடான பக்கம் ஏறும் குமிழி, பள்ளத்தாக்குப் பக்கம் ஏறி நின்றது. அப்படியென்றால் பாதை மலைப்பக்கம்தான் சாய்கிறது. நாற்காலியோ மேட்டில் ஏறிப் பள்ளத்தாக்குப் பக்கம் போயிருக்கிறது.

படியே இல்லாத ஒரு கிலோமீட்டர் சிமெண்ட் பாதை, பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி. போன வருடம் இதே இடத்தில் ஓர் அம்மாவும், அவளைத் தள்ளிக்கொண்டு வந்த மகனும் நாற்காலியோடு கீழே ஓடையில் விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகு பழைய தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

"அந்தக் காண்ட்ராக்டர் விளங்கவே மாட்டான்" என்றாள் தங்கை. "நீ பாத்துப் பாத்து அளந்துட்டு வந்த பிறகு மாத்திப் போட்டிருக்கான் பாரு."

விசாரணையிலும் அப்படித்தான் முடிவானது. உண்மை அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பழைய பாதையை அளக்க வேண்டிய அன்று மழை. அவன் இங்கே வரவேயில்லை. ஆபீசில் டீயைக் குடித்துக்கொண்டே பக்கச் சாய்வு ஒன்றரை சதவீதம், சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இந்த வேலையில் ஏற்ற இறக்கத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். பக்கச் சாய்வை யார் பெரிதாக நினைத்தார்கள்? இதைத் தங்கையிடம் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறான். உலகத்தில் அவனை முழுசாக நம்புகிற ஒரே ஆள் அவள். அதையும் இழக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

மாலை நாலு மணிகூட ஆகவில்லை. கீழேயிருந்து மேகம் ஏறிக் கம்பி வேலிக்குள் புகுந்து, பாதையின் மேல் சாவகாசமாகப் பரவி, முன்னால் இருபதடிக்கு மேல் எதுவும் தெரியாமல் செய்துவிட்டது. ஈரச் சிமெண்ட் நாற்றம் வந்தது. தரை காய்ந்து இரண்டு மாதம் ஆகிறதே என்று நினைத்தான். சக்கரங்களின் மெல்லிய உறுமல், அவனுடைய ஷூ சத்தம், அதற்குப் பின்னால், சற்றே இழுத்து இழுத்து, இன்னொரு ஷூ சத்தம்.

நின்றான். அது ஓர் அடி கழித்து நின்றது.

"திரும்பிடலாம். மேகம் ஜாஸ்தியா இருக்கு."

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தாள்.

நாற்காலியைத் திருப்பினான். முன்சக்கரங்கள் தாமாகவே வளைந்து பழைய திசைக்கு வந்தன. மறுபடி திருப்பினான். மறுபடி வந்தன. பிறகு நாற்காலி நகர ஆரம்பித்தது. அவன் தள்ளவில்லை. பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, மெதுவா."

இழுத்தான். குதிகால்கள் வழுக்கின.

"அண்ணா, விளையாடாதே!"

முன்னால் காட்சி மேடை. அங்கே இன்னும் கம்பி பொருத்தவில்லை. இரண்டு கம்பத்துக்கு நடுவே மஞ்சள் நைலான் கயிறு. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. அவன் காதோரம் யாரோ மூச்சு வாங்கினார்கள். பாரம் தள்ளுகிறவனின் மூச்சு. அது யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்ன வேண்டுமென்றும் தெரிந்ததுபோல் இருந்தது.

"நான் அளக்கல!" என்று கத்தினான். "நான் இங்க வரவேயில்ல. ஆபீஸ்ல உக்காந்து எழுதினேன். அவங்க செத்தது என்னாலதான். போதுமா?"

நாற்காலி நின்றது.

கயிற்றுக்கு நாலடி இருந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. சொல்லிவிட்டான், தொலைந்தது என்று உடம்பே இளகியது.

தங்கை மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"யார்கிட்ட சொல்றே?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். மேகம்தான் இருந்தது.

"அப்போ காண்ட்ராக்டர்?"

"அவன் மேல தப்பில்ல."

"ஒரு வருஷமா அந்த ஆளைத் திட்டிட்டிருக்கேன். நீயும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுதானே இருந்தே?" அவள் சக்கரங்களைப் பிடித்தாள். "கையை எடு. எனக்கே போகத் தெரியும்."

"இங்க வேண்டாம்மா, கொஞ்சம் பின்னால..."

"கையை எடுண்ணா!"

எடுக்கப் பார்த்தான். முடியவில்லை.

குனிந்து பார்த்தான். கைப்பிடியில் அவன் விரல்கள். அவற்றின் மேல், விரலுக்கு விரல் பொருந்தி, இன்னும் இரண்டு கைகள். ஊறி வெளுத்த கைகள். நகங்களில் மண். அவை அவன் கையையும் சேர்த்துப் பிடித்திருந்தன.

நாற்காலி நகர்ந்தது.

"நான் இல்ல" என்றான். "சத்தியமா நான் தள்ளல."

அவள் பிரேக்கை இழுத்தாள். சக்கரம் சிமெண்டில் தேய்ந்து கிறீச்சிட்டது. மூன்றடி. இரண்டு. கயிறு அவள் மார்பில் பட்டு விறைத்தது. அவள் திரும்பிக் கைப்பிடியைப் பார்த்தாள். அங்கே அவளுக்குத் தெரிந்தவை அண்ணனின் இரண்டு கைகள் மட்டும்தான். பிறகு கண்ணை உயர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். கயிறு அறுகிறவரை அவள் பார்வையை எடுக்கவேயில்லை.