குமிழின் கரகரப்பு

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்புவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கரகரப்பு வந்துவிட்டது. அவர் விரலை எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். தொடுவதற்குள் ஸ்பீக்கரில் கர்ர், கர்ர் என்று இரண்டு தடவை. பழைய ஸ்பூல் ரெக்கார்டர்களைப் பழுது பார்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். தொடாமலே சத்தம் போடும் குமிழை மட்டும் இதுவரை பார்த்ததில்லை.

மணி மூன்று. ஐந்து மணிக்கு மனைவியின் அக்கா வருகிறார்.

"தம்பி, அந்தக் கடைசி டேப்பை மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. அவ குரலைக் கேட்டுட்டுப் போயிடறேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று காலையில் போனில் சொல்லியிருந்தார். வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று சொன்னதைக் கேட்டுத்தான் இவர் மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

மனைவி போய் மூன்று மாதம். கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. அதற்காக உள்ளறையின் சுவரிலும் கதவிலும் தடித்த ஸ்பான்ஜ் ஒட்டி, ஒரு பக்கம் இரட்டைக் கண்ணாடி வைத்து, ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வராதபடி செய்து கொடுத்தவர் இவர்தான். உள்ளே அவளும் மைக்கும், வெளியே இவரும் மெஷினும். மெஷின் எதிர்ச் சுவரை ஒட்டி இருந்ததால், அதன் முன் உட்கார்ந்தால் முதுகு கண்ணாடியைப் பார்க்கும். "மாப்பிள்ளை என் தங்கச்சியையா கட்டினாரு? மெஷினைத்தானே!" என்று அக்கா கேலி செய்வார். அவளும் பின்னல் ஆடச் சேர்ந்து சிரிப்பாள். உள்பக்கக் கைப்பிடி சும்மா சுற்றுகிறது, கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது என்று அவள் நாலு தடவை சொல்லியிருந்தாள். ஊரார் மெஷினுக்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்தது.

அவள் போன அன்று, வாசிப்பு நின்ற இடத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது. பழைய குமிழ், உள்ளே தூசி, வேறென்ன? திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளறையின் கூரை ஸ்பீக்கரில் பேசுவதற்கான சின்ன மைக்கை அழுத்தி, "கொஞ்சம் இரும்மா, குமிழ் கரகரங்குது. சுத்தம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார். குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பிச் சத்தத்தை அடியோடு குறைத்து, ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டு, ஸ்ப்ரே அடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. பதிவு நேரத்தில் உள்ளே ஏசியை அணைத்துவிடுவது வழக்கம். அவளுடைய மூச்சிழுப்பு மருந்து வெளியே கைப்பையில் கிடந்தது.

அவர் திரும்பியபோது கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. அவள் கதவடியில் கிடந்தாள்.

இழுப்பு வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். பொய் இல்லை. கரகரப்பைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அது குமிழின் கரகரப்பாகவே இருக்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் போதும், அக்காவின் முகத்தைப் பார்க்கலாம், தன் முகத்தையும் பார்க்கலாம். டேப்பை அழித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார். அவள் குரலும் கூடவே போய்விடுமே என்று கை வரவில்லை.

மெஷினின் முகப்பைக் கழற்றினார். சூடான தூசியும் ஸ்ப்ரே நெடியும் மூக்கில் ஏறின. குமிழுக்குள் கரி பூசிய ஒரு வளையம், அதன்மேல் ஊர்ந்து போகும் மெல்லிய உலோக நாக்கு, இரண்டுக்கும் நடுவே அழுக்கு சேர்ந்தால்தான் கரகரக்கும். பஞ்சால் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அதற்கு முன்னாலுள்ள கெப்பாசிட்டர் கசிந்தாலும் இப்படிக் கேட்கும் என்று நினைவு வந்ததும், முங்கப் போனவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார். புதியதை வைத்து ஈயத்தால் பற்றவைத்தார்.

கர்ர்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் எங்கும் திக்காமல் ஏறி, திக்காமல் இறங்கியது. குமிழில் ஒரு பழுதும் இல்லை.

'இப்போது இல்லை, அன்றைக்கு இருந்திருக்கும், நான் துடைத்ததில் போயிருக்கும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். இந்தக் குமிழ் ஸ்பீக்கருக்கு மட்டும். இதன் கரகரப்பு டேப்பில் ஏறாது. டேப்பில் இல்லை என்றால் அவர் பிழைத்தார்.

ஸ்பூலை மாட்டி ஓடவிட்டார்.

"காற்று, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி வீசுகிறது" என்றாள் அவள். புத்தகம் மூடும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். கைப்பிடி சுற்றும் சத்தம், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று.

பிறகு நகம்.

ஸ்பான்ஜின்மேல் நகம். டேப்பில். தெளிவாக.

நடுவே எங்கோ தொலைவில் அவருடைய குரலே. "கொஞ்சம் இரும்மா."

ஸ்பூலை நிறுத்தினார். டேப் நின்றது.

கரகரப்பு நிற்கவில்லை.

உள்ளறை மைக் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. மூன்று மாதமாக அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. 'வயர்தான் பழுது. பிடுங்கிவிட்டால் நின்றுவிடும். நிற்க வேண்டும், அக்கா வருவதற்குள் நிற்க வேண்டும்.' கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து முட்டுக்கொடுத்தார். அதை மறக்கவில்லை. இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

புழுங்கிய வாடை. சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அமைதி.

அவ்வளவுதான். அவ்வளவேதான். மூச்சு விட்டார்.

கதவு மூடியிருந்தது.

கைப்பிடி சுற்றியது. சும்மா சுற்றியது. கத்தினார், ஸ்பான்ஜ் தின்றுவிட்டது. கண்ணாடியை அறைந்தார், உள்ளங்கைதான் வலித்தது.

வெளியே அவருடைய நாற்காலி மெஷின் முன்னால் இருந்தது. அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு மட்டும். முதுகின்மேல் ஒரு பின்னல்.

கதவுக்கு ஓடினார். விரல் நகங்களால் பிறாண்டினார். பிளக் இன்னும் ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இணைப்பே இல்லை. கேட்கவே கேட்காது.

கேட்டது போல, பின்னல் லேசாக அசைந்தது. தலைக்கு மேலே சின்ன ஸ்பீக்கர் உயிர் பெற்றது. பொறுமையான, பழகிய குரல்.

"கொஞ்சம் இருங்க. குமிழ் கரகரங்குது."

அவள் திரும்பவில்லை. கை நீண்டு, குமிழை இடப்பக்கமாக, கடைசிவரை திருப்பியது.