கறுக்காத ஜரிகை

காஸ் விளக்குக் கம்பெனி பிழைக்க வேண்டுமென்றால் குழாய்க்காரன் பிலவேந்திரன் தொலைய வேண்டும். வக்கீல் பவுல்துரையின் எதிரே உட்கார்ந்து மானேஜர் தனக்கோடி இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொன்னார். ஆரணிக்குக் காஸ் விளக்கு வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் சேவூரில் வேணுகோபாலின் தறிக்கூடத்தை ஒட்டிய சாயக்கொட்டகை வெடித்துக் கூரை பறந்துவிட்டது. அங்கே கூலி வேலை செய்த பாஞ்சாலைக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. வேணுகோபால் நஷ்டஈடு கேட்டுக் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருந்தார்.

"குழாய் மூட்டு ஒண்ணை அவன் சரியா முடுக்கலைங்க. ராத்திரியெல்லாம் காஸ் ஒழுகியிருக்குது. காலையில அந்தப் பொம்பள அடுப்பு மூட்டினதும் வெடிச்சிடுச்சு" என்றார் தனக்கோடி. "கம்பெனியைக் கேக்காம அவனா செஞ்ச வேலைன்னு கோர்ட்டுல சொல்லிட்டீங்கன்னா எங்க தலை தப்பும்."

"அவன் தலை?"

"போலீஸ் அவன் மேல கேஸ் எழுதிகினு இருக்குது. ஜெயிலுதான். நான் என்ன பண்றது? இந்த வருஷமே எங்களுக்குப் பேஜார். ஐப்பசி மழையில கிடங்குக் கூரை மொத்தமும் போயிடுச்சு. அப்பவும் ஒரு கார்பைடு கல்லுகூட நனையாம காப்பாத்தினவன் நான்."

கார்பைடு என்பது சாம்பல் நிறக் கல். தண்ணீர் பட்டால் பொங்கி, பூண்டு வாடையுள்ள காஸைக் கக்கும். தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த இரும்புத் தொட்டியில் அப்படி உண்டான காஸ்தான் குழாய் வழியாக விளக்குகளுக்குப் போனது.

வக்கீல் குமாஸ்தா ஜெயவேலுக்குக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் போதும். தப்பான ஆளைக் கண்டுபிடிக்க அதுகூட வேண்டாம். ஜட்காவில் சேவூர் போகும்போதே பிலவேந்திரன்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வக்கீலோ, கூட வந்த தனக்கோடியின் புலம்பலைக் காதில் வாங்காமல், வழி நெடுக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தறிக்கூட வாசலில் பிலவேந்திரன் நின்றிருந்தான். மழிக்காத முகத்தில் கண்கள் உள்ளே போயிருந்தன.

"நல்லாத்தான் முடுக்கினேன் ஐயா. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. பாஞ்சாலை அக்கா கையைப் பாத்தா சோறு எறங்கல" என்றான்.

ஜெயவேலுக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனாலும் கட்சி மாறவில்லை.

உள்ளே தறிகள் ஓய்ந்து கிடந்தன. எதையும் தொடக்கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தது. கடைசித் தறிக்கு நேர் மேலே, கொட்டகைச் சுவரை ஒட்டி, குழாய் மூட்டு கழன்று தொங்கியது. கீழே பாதி நெய்த அரக்குப் புடவையில் வெள்ளி ஜரிகை பளபளத்தது.

"இவன் கைவேலை எனக்கு அப்பவே தெரியும்" என்றார் வேணுகோபால். "விளக்குப் போட்ட புதுசுல ஒரு தடவை இதே எடத்துல ஒழுகுச்சு. ஒரே ராத்திரியில ஜரிகையெல்லாம் கறுத்துப்போய் ஒரு புடவையே பாழு. அன்னிக்கே இவனை மாத்துங்கன்னு சொன்னேன்."

வக்கீல் குனிந்து ஜரிகையை விரலால் தடவினார். பிறகு சாயக்கொட்டகைக்கு நடந்தார்.

பொங்கலுக்காகக் கொட்டகையில் வெள்ளையடிப்பு நடந்திருந்தது. மூன்று சுவர்கள் பால் வெள்ளை. நான்காவது சுவர் பாதி மட்டுமே வெள்ளையடிக்கப்பட்டு, லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. ஜெயவேல் ஆர்வக்கோளாறில் சுவரில் மூக்கை வைத்தார்.

"பூண்டு வாடை அடிக்குதுங்க ஐயா."

"காஸ் வாடை. இங்க எப்பவும் இருக்குறதுதான்" என்றார் வேணுகோபால்.

தரையில் பெரிய மண்பானை ஒன்று சுக்குநூறாகக் கிடந்தது. பானை ஓடுகளின் உட்புறம் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. மூலையில் வட்டமாக ஒரு துருக்கறை.

"சாய அண்டா வெச்ச தடம்" என்று ஜெயவேல் அடித்துச் சொன்னார்.

வக்கீல் கொட்டகையில் இருந்த அண்டாக்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாமே செம்பு. "செம்பு எப்ப ஜெயவேலு துருப்பிடிச்சுது?" என்று கேட்டுவிட்டு, "பாஞ்சாலையைக் கூட்டிகினு வரச் சொல்லுங்க" என்றார்.

"அவ எதுக்குங்க? அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் வேணுகோபால். இதைக் கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

பாஞ்சாலை வந்தாள். கைகளில் வாழையிலை வைத்துத் துணி சுற்றியிருந்தது. வக்கீல் அவளை உட்கார வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"மூட்டு ராத்திரியெல்லாம் ஒழுகியிருந்தா அதுக்குக் கீழே இருக்குற ஜரிகை கறுத்திருக்கணும். முன்னே கறுத்துச்சுன்னு வேணுகோபாலே சொல்றாரு. இப்ப கறுக்கல. அப்படின்னா மூட்டு ஒழுகல. வெடிச்ச அதிர்ச்சியில கழண்டிருக்குது. பிலவேந்திரன் நல்லாத்தான் முடுக்கியிருக்கான்."

வாசலோடு நின்றிருந்த பிலவேந்திரன் கொட்டகைக்குள் வந்தான்.

"அப்ப காஸ் எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று ஜெயவேல் கேட்டார். கட்சி மாறியதே அவருக்குத் தெரியவில்லை.

"பானையிலிருந்து. மானேஜர் ஐயா, கூரையில்லாத கிடங்குல கல்லு நனையாம காப்பாத்தினேன்னீங்க. எங்க வெச்சுக் காப்பாத்துனீங்க?"

தனக்கோடி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"இந்த மூலையிலதான். வட்டமா துருப்பிடிச்ச தடம் இரும்புப் பீப்பாயோடது. வெடிச்சதும் ஜல்தியா எடுத்துட்டீங்க, தடத்தை எடுக்க முடியல. பாஞ்சாலை, வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தீந்துபோச்சா?"

அவள் வேணுகோபாலைப் பார்த்தாள். பிறகு பிலவேந்திரனைப் பார்த்தாள்.

"தீந்துபோச்சுங்க. மொதலாளியைக் கேட்டேன். கொட்டகை மூலையில கல்லு இருக்குது, எடுத்து ஊறப்போடுன்னாரு. அங்க மூடி தொறந்த பீப்பாயி இருந்துச்சு. கொஞ்சம் ஊறவெச்சுப் பாதிச் செவுரு அடிச்சேன். மிச்சத்துக்குன்னு சாயந்திரம் பானை நெறையப் போட்டுட்டு வந்தேன். மொதலாளி பூட்டிட்டாரு. காலையில அடுப்புப் பத்தவெச்சது மட்டும்தான் தெரியும்."

"பொங்குச்சே, பயப்படலையா?"

"சுண்ணாம்புக் கல்லும்தான் பொங்கும்ங்க."

சுண்ணாம்பு என்று நினைத்துக் கார்பைடைக் கரைத்து அடித்த அந்தச் சாம்பல் பூத்த சுவரை ஜெயவேல் பார்த்தார். அத்தனை பேரும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயையே பார்த்திருந்தார்கள்.

"நான் சொன்னது மழைக்கு முன்னே வாங்கிப்போட்ட சுண்ணாம்புக் கல்லை" என்றார் வேணுகோபால். "பீப்பாயி வெச்சப்போ அதைப் பரண் மேல ஏத்திட்டாங்கன்னு எனக்குத் தோணல."

"வெடிச்சப்புறம் தோணுச்சு இல்ல? பீப்பாயை வெச்சுக்க மூலையை மானேஜருக்கு வாடகைக்கு விட்டவரு நீங்க. விட்டதைச் சொல்லாம அவளை உள்ளே அனுப்பினதும் நீங்க. இந்த வழக்கை நடத்துனா கோர்ட்டுல இதையெல்லாம் நான் கேப்பேன்."

வேணுகோபால் தலையைக் குனிந்துகொண்டார். "வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார்.

தனக்கோடியின் முகத்துக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா, நான் சரியான வக்கீலைத்தான் பிடிச்சிருக்கேன். அப்ப நாம கெலிச்சிட்டோம்."

"வேணுகோபால் போட்ட வழக்குல கெலிச்சிட்டீங்க" என்றார் பவுல்துரை. "பாஞ்சாலை இன்னும் வழக்குப் போடல. மூடி தொறந்த பீப்பாயைச் சுண்ணாம்பு தேடுற எடத்துல வெச்சுட்டு, பழியைக் குழாய்க்காரன் மேல போட்டது கம்பெனி. அவ போட்டா, அந்த வழக்குல நான் உங்களுக்கு வக்கீல் இல்ல."

தனக்கோடிக்கு அதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. போலீஸிடம் உண்மையை எழுதிக் கொடுப்பதாகவும், பாஞ்சாலையின் வைத்தியத்தையும் ஜீவனத்தையும் கம்பெனியே ஏற்பதாகவும் அங்கேயே ஒப்புக்கொண்டார். வேணுகோபாலும் தன் பங்குக்குத் தலையாட்டினார்.

பிலவேந்திரன் பாஞ்சாலையின் எதிரே வந்து உட்கார்ந்தான். "இத்தனை நாளா நான்தான் உன் கையைச் சுட்டேன்னு நெனச்சுகினு இருந்தேன் அக்கா. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான்தான் உன்னை ஜெயிலுக்கு அனுப்புறேன்னு எனக்குத் தெரியாதுப்பா. யாரும் என்கிட்ட வந்து கேக்கல. மொதலாளியும் வாயைத் தொறக்காதேன்னுட்டாரு." அவள் நான்காவது சுவரை அண்ணாந்து பார்த்தாள். "பொங்கல் வந்துகினு இருக்குது. அது பாதியில நிக்குதே."

ஜட்கா கிளம்பும்போது ஜெயவேல் திரும்பிப் பார்த்தார். பரணிலிருந்து இறக்கிய கல்லைப் பிலவேந்திரன் நடுமுற்றத்தில், வெட்டவெளியில், பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பொங்கி வந்ததும் குனிந்து ஒரு தரம் முகர்ந்து பார்த்தான். பிறகு வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்துக்கொண்டு, பாஞ்சாலை விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினான்.