இடதுபக்கம் தாழ்ந்த கார்

முன்சக்கரம் இரண்டுக்கும் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், புது பால் ஜாயிண்ட், புது ரப்பர் புஷ் எல்லாம் மாட்டி ஜாக்கியை இறக்கிய பிறகும், காரின் இடதுபக்கம் தாழ்ந்தே நின்றது. அவர் குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார். வலதுபக்கம் நாலு விரல் தாராளமாகப் போனது. இடதுபக்கம் இரண்டுதான் போனது. ஒரே பெட்டியில் வாங்கிய ஜோடி ஸ்பிரிங் இப்படி ஓரவஞ்சனை செய்யுமா என்று முணுமுணுத்துக்கொண்டே கையைத் துடைத்தார்.

சாயங்கால மழை வீட்டை ஒட்டிய ஷெட்டின் தகரக் கூரையில் விடாமல் கொட்ட, கிரீஸும் ஈரமண்ணும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. கழற்றிப்போட்ட பழைய பாகங்கள் மூலையில் கிடந்தன. அவற்றில் கிடந்த கிழிந்த ரப்பர் புஷ்தான் போன வருஷம் முழுக்க ஒவ்வொரு பள்ளத்திலும் டொக் டொக்கென்று இடித்தது. எலும்பெல்லாம் நோய் பரவிய மனைவியை வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது இதே காரில்தான். ஒவ்வொரு இடிக்கும் இடதுபக்கச் சீட்டில் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். "ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க" என்பாள். இப்போது கார் மெத்தென்று போகும், உட்காரத்தான் அவள் இல்லை. 

நாளைக் காலை மகள் இந்தக் காரை எடுத்துக்கொண்டு, மலைப்பாதை வழியாக, தனியாக, புது வேலைக்குப் போகிறாள். அவருக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். ஒரு போல்ட்கூட ஏனோதானோவென்று இருக்கக்கூடாது.

உதிரிபாகக் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "சக்கரத்தைத் தாங்குற லோயர் ஆர்ம் போல்ட்டை மட்டும் சக்கரம் தொங்கும்போது முடுக்கிடாதீங்க சார். வண்டி கீழ நிக்கணும், சீட்ல ஆள் இருக்கணும். இல்லேன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டுச் சீக்கிரமே கிழிஞ்சிடும்."

சக்கரங்களைப் பலகை அடுக்கின் மேல் ஏற்றியிருந்ததால் அடியில் நுழைய இடம் இருந்தது. ஸ்பேனரோடு மல்லாந்து நுழைந்தவர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கண்ணு, கொஞ்சம் வந்து இடதுபக்கச் சீட்ல உட்காரேன்."

சற்று நேரத்தில் ஸ்பிரிங் முனகியது. கார் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கதவுச் சத்தம் மழையில் கேட்கவில்லை போல.

"அப்படியே இரும்மா" என்று போல்ட்டை முடுக்க ஆரம்பித்தார். மகள் முகம் தெரியாததால் பேச்சு சுலபமாக வந்தது. "நீ போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்டப் பேசுறது சொல்லு. உங்கம்மா இருந்தா இப்ப அவதான் அங்க உட்கார்ந்திருப்பா."

மேலே சீட் லேசாகக் குலுங்கியது. விம்மலை அடக்கும் குலுங்கல். அவருக்கும் கண்ணைக் கரித்தது. கிரீஸ் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

அப்போது சமையலறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "இதோ வரேன்ப்பா, அடுப்பை அணைச்சிட்டு."

ஸ்பேனர் கையில் அப்படியே நின்றது. கிரீஸ் வாடைக்கு நடுவே, மனைவி முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்த தைலத்தின் வாசம்.

பயப்படத்தான் வேண்டும். ஆனால் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நீயா? வந்துட்டியா?"

 கார் ஒருமுறை மெல்ல அமுங்கி எழுந்தது.

"இப்ப இடிக்குதா?" என்று கேட்டார். குரல் உடைந்தது. "இரு. போயிடாதே. இங்கயே இரு."

மறுபடி அமுங்கியது. பிறகு, அதுவரை தாழ்ந்தே நின்ற இடதுபக்கம் எழுந்தது. வலதுபக்கம் இறங்கியது. கதவு எதுவும் திறக்கவில்லை. உள்ளேயே ஏதோ நகர்ந்து, டிரைவர் சீட்டுக்குப் போயிருந்தது. கனமாக. அவள் ஒருநாளும் இவ்வளவு கனம் இருந்ததில்லை.

அவர் கன்னத்தருகே ஸ்டியரிங் ராடு அசைந்தது. சாவி அவர் சட்டைப் பையில். முன்சக்கரங்கள் நிதானமாகத் தெருப்பக்கம் திரும்பின. தேர்ந்த கையின் நிதானம்.

அவர் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொடவே பயப்படுவாள்.

ஈரத் தரையில் மகளின் செருப்புகள் வந்து நின்றன. "இந்தப் பக்கம்தானேப்பா?"

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தார். மேலிருந்த இரும்பு இறங்கி நெஞ்சில் அழுந்தியது. மூச்சு இல்லை. குரல் இல்லை.

கதவு திறந்தது. ஒரு செருப்பு தரையை விட்டு எழுந்தது. பிறகு மற்றது. கதவு சாத்திக்கொண்டது.

 பிறகு மகள், எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய குழந்தைக் குரலில், சந்தோஷமாக, "அம்மா" என்றாள்.

ஹேண்ட் பிரேக் விடுபட்டது. பலகையின் மேல், அவர் முகத்தருகே, டயர் மெல்ல உருளத் தொடங்கியது.