பச்சையாகவே எரிந்த வளையம்

வேலைக்கு வந்ததும் பியூலா வழக்கம்போலக் கண்களை மூடிச் சிறிது ஜெபித்துவிட்டுத் திரையைத் திறந்தாள். சுவர் முழுக்கச் சின்னச்சின்ன விளக்குகள். ஒவ்வொன்றும் தூத்துக்குடியில் எங்கோ ஓர் ஆண் அணிந்திருக்கும் காப்புவளையத்தின் நிலையைச் சொல்லும். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் புண்ணில் சூடு ஏறுகிறது, ஆள் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மாத்திரைக்கு அடங்காத புது எச்.ஐ.வி. பரவிய பிறகு வந்த ஏற்பாடு இது. நடுக்கடல் சுரங்கமேடைகளுக்கு வேலைக்குப் போகும் ஆண்களுக்கு முன்தோல் நீக்கம் கட்டாயம். கத்தி இல்லை, தையல் இல்லை. வளையம் இறுக்கிப் பிடிப்பதால் தோலுக்கு ரத்தம் நின்றுபோகும். ஒரு வாரத்தில் காய்ந்த தோலையும் வளையத்தையும் சேர்த்து அகற்றிவிடுவார்கள். முழுக் காப்பு அல்ல என்றாலும், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும். பியூலா அதில் குறை சொன்னதில்லை. தன் தங்கை மகனையே வற்புறுத்தி மாட்டவைத்தவள் அவள்.

அவளை உறுத்தியது வேறு. அவள் நர்ஸாகச் சேர்ந்த காலத்தில் நேரில் போய்ப் பார்ப்பார்கள். இப்போது வளையத்தை மாட்டுவதும் கேள்வி கேட்பதும் எந்திரம். பச்சை எரியும் ஆளிடம் பேசக் கூடாது, அது வீண் வேலை. பியூலா மட்டும் அவ்வப்போது ஒரு பச்சையை அழைத்து, "சாப்ட்டியா தம்பி?" என்பாள். பக்கத்து இருக்கை நெல்சன் அவளுக்குச் 'சாப்பாட்டக்கா' என்று பெயரே வைத்துவிட்டான்.

முந்தாநாள் மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அதன்பின் அவள் யாரையும் அழைக்கவில்லை. இன்று மனசு கேட்கவில்லை.

"வேணாங்க்கா, வேலைக்கே உலை வச்சிருவானுவ," என்றான் நெல்சன்.

"ஒரே ஒரு புள்ளையதான் கேக்கப் போறேன். நீ கண்டுக்காத."

தொபியாஸை அழைத்தாள். உப்பளத் தொழிலாளி. கப்பல் ஏறியதும் கறிச்சோறுதான் என்று முதல் நாள் சிரித்துச் சிரித்துப் பேசியவன்.

"சாப்ட்டியா தம்பி?"

"இல்லக்கா." குரல் பல்லிடுக்கிலிருந்து வந்தது. "வாயத் தொறக்க முடியல. தாடை கிட்டிக்கிட்டு கெடக்கு."

"எப்பருந்து?"

"முந்தாநேத்துலருந்து."

தாடை பூட்டிக்கொண்டால் டெட்டனஸ் என்று பியூலாவுக்கு உடனே புரிந்தது. திரையில் அவன் விளக்கு பச்சையாகவே எரிந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினாள்.

கடல் ஏறிவந்த தெருவில் வீடுகள் இரும்புக் கால்களின்மேல் நின்றன. தொபியாஸின் மனைவி ஜெர்மினா கதவைத் திறந்தாள். கட்டிலடியில் மீன் கம்பெனி ஐஸ்பெட்டி.

"எதுக்கும்மா ஐஸு?"

"வளையம் செவந்தா கப்பல்ல ஏத்த மாட்டாவல்லாக்கா? ஐஸ வச்சா பச்சையாவே எரியும். இந்தத் தெருவுல வைக்காதவுக யாரு?"

"டெட்டனஸ் ஊசி ரெண்டும் போட்டானா?"

ஜெர்மினா தலை குனிந்தாள். "மெஷினு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டாவ. ரெண்டு ஊசிக்கும் நடுவுல ஒரு மாசம் விடணுமாம், அது முடியுற வரைக்கும் இருந்தா கப்பலு போயிரும்லா."

வெளியே கப்பல் சங்கு ஊதியது. அந்தச் சத்தத்துக்கே தொபியாஸின் உடம்பு வில்லாக வளைந்தது. வெளிச்சம் பட்டாலும் இசிவு கூடும் என்று பியூலா விளக்கை அணைத்தாள். வாசலில் கூடியவர்களைச் சத்தம் போடாமல் நிற்கச் சொன்னாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஜெபித்தாள். அவன் கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார் மருத்துவமனையில் அவனைப் பார்த்த மருத்துவர். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு நாள் எதுவென்று பியூலாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் தொபியாஸ் போய்ச் சேர்ந்தான்.

மேலிடம் விசாரித்தது. பியூலாவைப் பாராட்டவும் செய்தது. அடுத்த வாரமே அவள் கேள்வியை எந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். காலை தோறும் எல்லா வளையக்காரர்களையும் ஓர் இனிய குரல் அழைத்து, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டது.

எல்லோரும் 'ஆம்' என்று அமுக்கினார்கள். ஒருவர்கூட 'இல்லை' என்று அமுக்கவில்லை. சுவர் முழுக்கப் பச்சை.

பியூலா விடுப்புக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு தொபியாஸின் தெருவில் இறங்கினாள். முதல் வீட்டில் ஒரு பையன் அவளைக் கண்டதும் ஐஸ்பெட்டியைக் காலால் கட்டிலடியில் தள்ளினான்.

"சாப்ட்டாச்சுக்கா," என்றான்.

"சரிப்பா. எனக்காக ஒரு மடக்கு குடி."

அவன் வாயைத் திறந்து விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.