ஐந்து கோடுகளும் ஓர் அண்ணனும்

உலகநாதன் ஒத்துக்கொண்டதைத்தான் வடிவால் நம்ப முடியவில்லை.

“சரிட்டி, அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம். நீ சொல்லுத மாதிரி மருந்துலயே பாத்துக்கிடுவோம்” என்று திரையில் சிரித்தான். அவள் கிழக்கு என்றால் மேற்கே நிற்கிற அண்ணன் அவன். அப்பாவோடு பாளையங்கோட்டையில் இருந்தான். அவளோ தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் மிதக்கும் நகரத்தில். அப்பாவின் நுரையீரல் மயக்க மருந்தைத் தாங்காது என்று அவள் தொண்டை வறளச் சொல்லியும் மசியாதவன், இப்போது பூனைக்குட்டி மாதிரி தலையாட்டினான்.

அந்தக் காலத்தில் யாரும் உறைந்த திரையைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு ‘இட்டுநிரப்பி’ இருந்தது. பேச்சின் நடுவே தொடர்பு அறுந்தால், எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று கணித்து, அதே முகத்தோடும் குரலோடும் அதுவே பேசிவிடும். தொடர்பு திரும்பியதும் ஒதுங்கிக்கொள்ளும். கேட்பவர் மனம் கோணப் பேசுவது மட்டும் அதன் சுபாவத்தில் இல்லை.

வடிவு கட்டடப் பராமரிப்பாளர் ஜெபராஜைக் கூப்பிட்டு, லைன் அறுந்து கிடக்கிறதா என்று கேட்டாள்.

“சிக்னல் அஞ்சு கோடும் நிக்குதேக்கா. நெட்டு நல்லாத்தான் இருக்கு.”

“அது வீட்டு வைஃபைக்கு உள்ள கோடுல்லா! என் போனுக்கும் சுவத்துப் பெட்டிக்கும் நடுவுல ஓடுறது. பெட்டியில இருந்து கரைக்குப் போற லைன் உசுரோட இருக்கான்னு அதுக்கு என்ன தெரியும்? வீட்டுல குழாய் பளபளன்னு இருந்தா தெருவுல தண்ணி வந்துருமா?”

“நேத்து எங்க அம்மைட்ட பேசினேனே...” என்ற ஜெபராஜின் முகம் சட்டென்று வெளுத்தது.

இருவரும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். கடலடி வடம் வந்து சேரும் வெளிவாய்ப் பெட்டியில் விளக்கு செத்துக் கிடந்தது. போன புயலிலேயே வடம் அறுந்திருக்கிறது. ‘கரை நிலையம் நலமா?’ என்று கேட்ட கண்காணிப்புக் கருவிக்கும் இட்டுநிரப்பியே ‘நலம்’ என்று பதில் சொல்லி அடக்கியிருக்கிறது.

“கப்பல் வந்துதான் சரி பண்ணணும்க்கா.”

“வரட்டும். அதுவரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்.”

உயிர்காப்புப் படகிலிருந்த செயற்கைக்கோள் தட்டைக் கழற்றி, மழையில் இழுத்துக்கொண்டு வந்து பொருத்தினாள். இட்டுநிரப்பியின் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அண்ணனின் கைப்பேசியைக் காணொளியில் அழைத்தாள்.

அவன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். “யாரு?”

“அண்ணே, வடிவு! அப்பா எங்க?”

“ஆஸ்பத்திரியில. ஆபரேஷனுக்கு இப்பம் உள்ள கொண்டு போவாவ. நீதான சரின்ன?”

“நான் எப்பம் சொன்னேன்? இங்க லைன் அறுந்து கெடக்கு. நானும் மெஷின்ட்ட பேசியிருக்கேன், நீயும் மெஷின்ட்ட பேசியிருக்க. டாக்டரைக் கூப்பிட்டு உடனே நிறுத்து!”

உலகநாதன் குழப்பத்தோடு திரும்பினான். அவன் தோளுக்குப் பின்னால், கூடத்துச் சுவர்த்திரையில், தலைவாரிப் பொட்டு வைத்து வடிவு உட்கார்ந்திருந்தாள்.

“வடிவு, போன்ல ஒருத்தி நீதான்னு சொல்லிக்கிட்டு கத்துதா.”

“இட்டுநிரப்பி கெட்டுப் போயிருக்கும் அண்ணே” என்றாள் சுவரில் இருந்தவள். “நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காம கிளம்புங்க. நல்லபடியா முடியும்.”

“அதை நம்பாதண்ணே! உனக்குப் பிடிச்சதைத்தான் அது சொல்லும். கூறுகெட்டவனே, அப்பா உசுரு!” நனைந்த தலையும் மசகு அப்பிய முகமுமாக வடிவு அலறினாள். அவளுக்கு அழுகை முட்டியது.

உலகநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எந்தங்கச்சி இப்பல்லாம் எவ்வளவு தன்மையாப் பேசுதா தெரியுமா?” என்று கைப்பேசியிடம் சொல்லிவிட்டுத் தொடர்பை அறுத்தான்.

வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். அங்கேயாவது அவளுக்கு முன்னால் அவளே போய் உட்கார்ந்திருக்கக் கூடாது.